ஒரு துணி, மூணு சொட்டு - நாய்க்காதின் கதை

வரலாறுன்னு லேபிள் போட்டு எழுதினா ராஜராஜன், கல்வெட்டு, கப்பற்படைன்னு ஏதாவது ஒண்ணு இருக்கணும்ங்கிறது நம்ம வட்டாரத்துல எழுதப்படாத விதி. இந்தப் பதிவுல அதெல்லாம் கிடையாது. பிரான்ஸ் நாட்டுப் பிரபு ஒருத்தர் வர்றார், போர்க்களத்துல செத்துப்போன இங்கிலாந்து கோமகன் ஒருத்தர் வர்றார், நடுவுல ஒரு காண்டாமிருகமும் வருது. ஆனா கதாநாயகன் நாயோட காதுதான். மூக்கைப் பொத்திக்க விரும்பறவங்க இப்பவே பொத்திக்கலாம், விஷயம் கொஞ்சம் நாத்தம் பிடிச்சது :-)

நாய் வளர்க்கிறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். நாய் காரணமே இல்லாம தலையை உதறும். பின்னங்காலால காதைச் சொறியும். பக்கத்துல போனா புளிச்ச மாவு மாதிரி ஒரு வாடை. மடலைத் தூக்கிப் பார்த்தா உள்ளே சிவந்து போய், காப்பிப்பொடி நிறத்துல அழுக்கு. டாக்டர்கிட்ட போனா "ஒட்டைடிஸ் எக்ஸ்டர்னா"ன்னு எழுதிக் கொடுப்பார். தமிழ்ல சொன்னா வெளிக்காது அழற்சி.

இது ஏதோ அபூர்வமான நோய் இல்லை. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 22,333 நாய்களோட மருத்துவக் குறிப்புகளை அலசி 2021-ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ஒரே வருஷத்துல 7.3 சதவீத நாய்களுக்கு இந்தப் பிரச்சனை வந்திருக்கு. அதாவது பதினாலு நாய்க்கு ஒண்ணு. கலப்பு நாய்களோட ஒப்பிட்டா பாசெட் ஹவுண்டுக்கு வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட 6 மடங்கு. கோல்டன் ரெட்ரீவருக்கு 2 மடங்குக்கு மேல. நிமிர்ந்த காதோட ஒப்பிட்டா தொங்கற காதுக்கு சுமார் 1.8 மடங்கு.

"அதுக்கென்ன, சொட்டு மருந்து விட்டா சரியாப் போகுது"ன்னு தோணும். அங்கதான் கதையே இருக்கு. காதைத் துடைச்சு ஈரம் இல்லாம வைக்கணும்ங்கிற விஷயம் மனுஷனுக்கு 600 வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். ஏன்னு தெரியாமலே தெரியும். அப்புறம் ஈயம் வந்தது, கத்தி வந்தது, ஆன்டிபயாடிக் வந்தது. அந்த வரிசையில அடிப்படை விஷயம் பின்னுக்குப் போயிடுச்சு. திரும்ப அதே இடத்துக்கு வந்து சேர பல நூற்றாண்டு ஆச்சு.

முதல்ல டிசைனைப் பாத்துடுவோம்

நம்ம காதுக்குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட நேராப் போகும். நாய்க்கு அப்படி இல்லை. மேலிருந்து செங்குத்தாக் கீழே இறங்கி, பிறகு திரும்பி, படுக்கை வாக்குல செவிப்பறை வரைக்கும் போகும். பாத்ரூம் பைப்புல எல்போ போடுவாங்களே, அதே மாதிரி. அந்த எல்போவுல தண்ணி நின்னா தானா வெளியே வர வழியில்லை. நாய் தலையை உதறுறது அதுக்குத்தான்.

ஆனா இயற்கை ஒரு நல்ல ஏற்பாடும் செஞ்சிருக்கு. காதுக்குழாயோட தோல் சும்மா இருக்கறதில்லை. செவிப்பறையில இருந்து வாசல் பக்கமா மெதுவா நகர்ந்துட்டே இருக்கும். உதிர்ந்த செல், மெழுகு, தூசி எல்லாத்தையும் சுமந்துட்டு வந்து வெளியே தள்ளும். நம்ம பாஷையில சொன்னா பின்னணியில ஓடுற கார்பேஜ் கலெக்டர். ஆரோக்கியமான காது தன்னைத் தானே சுத்தம் செஞ்சுக்கும். ஈரமோ வீக்கமோ வந்து இந்த ஓட்டம் தடைப்பட்டா அழுக்கு தேங்கும், கிருமி பெருகும், இன்னும் வீங்கும், குழாய் இன்னும் குறுகும். லூப்புல மாட்டிக்கும்.

சரி, இந்தக் குழாய் மேல தொங்கற மடலை வச்சு மூடினது யாரு? நாமதான்!

ஓநாய்க்குக் காது நிமிர்ந்துதான் இருக்கும். எந்த வீட்டு விலங்கை எடுத்தாலும் ஏதாவது ஒரு நாட்டுல அதுக்குத் தொங்கும் காது உண்டுன்னு டார்வின் 1859-ல் உயிரினங்களின் தோற்றம் நூல்லயே குறிப்பிட்டிருக்கார். அதுக்குச் சரியா நூறு வருஷம் கழிச்சு, 1959-ல் சைபீரியாவில் பெலியாயெவ்ங்கிற விஞ்ஞானி நரிகள்ல சாதுவானதை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்க்கத் தொடங்கினார். சில தலைமுறைக்குள்ள சில குட்டிகளுக்குக் காது தொங்கிடுச்சு. காதுக்காக யாரும் தேர்ந்தெடுக்கலை, குணத்துக்காகத்தான் தேர்ந்தெடுத்தாங்க.

அது தற்செயல். அடுத்து நடந்தது தற்செயல் இல்லை. அதே 1859-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-ல் கென்னல் கிளப் ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு இனத்துக்கும் இப்படித்தான் இருக்கணும்னு விதி எழுதினாங்க. காக்கர் ஸ்பானியலுக்கான பிரிட்டிஷ் விதிப்படி மடல் மூக்கு நுனியை எட்டணும், அது மேல நீளமா பட்டு மாதிரி முடியும் இருக்கணும். எல்போ பைப்புக்கு மூடி, மூடிக்கு மேல கம்பளி! இதை டிசைன் ரிவ்யூவுக்குக் கொண்டு வந்திருந்தா எந்த டீம் லீடும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

கிரேக்கர், ரோமானியர்

காதைப் பத்தின பேச்சு ரொம்பப் பழசு. கி.மு. 4-ம் நூற்றாண்டுல செனபோன் வேட்டை பத்தி எழுதின நூல்ல நல்ல வேட்டை நாய்க்குக் காது சின்னதா, மெல்லிசா, பின்பக்கம் முடி குறைவா இருக்கணும்னு சொல்றார். கி.பி. 2-ம் நூற்றாண்டுல அதே விஷயத்தை எழுதின அர்ரியனுக்கு ரசனை வேற. அவருக்குக் காது பெரிசா, மெத்துனு, மடிஞ்சு விழற மாதிரி இருக்கணும். ஃபேஷன் அப்பவே மாற ஆரம்பிச்சாச்சு.

ரோமானியர் பயிர்த்தொழில் நூல்கள்ல வைத்தியக் குறிப்பே இருக்கு. கி.மு. 37-ல் வர்ரோ, நாய்க்காதுலயும் கால் விரலிடுக்குலயும் பாதாம் பருப்பைத் தண்ணி விட்டு அரைச்சுப் பூசச் சொல்றார். ஈ, உண்ணி, தெள்ளுப்பூச்சி கடிச்சுப் புண்ணாகாம இருக்கறதுக்காக. அடுத்த நூற்றாண்டுல கொலுமெல்லாவும் இதையே சொல்றார். கோடைக்காலத்துல ஈக்கடியால காதே போயிடும், கசப்பு பாதாமை அரைச்சுத் தேய்ங்கன்னு. ஆனா இவங்க கவனமெல்லாம் வெளியே தெரியற மடல் மேலதான். உள்ளே குழாய்க்குள்ள நடக்கறதைக் கவனிச்ச ஆளைப் பார்க்க 1387-க்கு வரணும்.

ஃபீபஸ் பிரபுவின் நாய்க் கொட்டில்

தெற்கு பிரான்ஸ்ல ஃபுவா நாட்டுப் பிரபு கஸ்தோன். தலைமுடி அழகால ஃபீபஸ்னு சூரியக் கடவுள் பேரை வச்சுக்கிட்டவர். அவரோட கொட்டில்ல ஆயிரத்துக்கும் மேல நாய்கள் இருந்ததா அவர் அரண்மனைக்கு விருந்தாளியாப் போன ஃப்ரோய்சார் எழுதி வச்சிருக்கார். 1387 மே மாசம் கஸ்தோன் ஒரு வேட்டை நூலை எழுத ஆரம்பிச்சார். மான், பன்றி, ஓநாய் எல்லாம் வரும். ஆனா நூலோட மனசு நாய்கள் பக்கம்தான். கொட்டில்ல வேலை பார்க்கற பையனை ஏழு வயசுலயே சேர்த்து, முதல்ல ஒவ்வொரு நாயோட பேரையும் நிறத்தையும் மனப்பாடம் பண்ண வைக்கணுமாம். தினமும் வைக்கோலைச் சுருட்டி நாய் உடம்பைத் தேய்ச்சு விடணும். ராத்திரி பையன் நாய்களோடவே படுக்கணும், சண்டை வந்தா விலக்கி விட.

கஸ்தோன் 1391-ல் வேட்டைக்குப் போயிட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன்னாடி கை கழுவும்போது சரிஞ்சு விழுந்து இறந்துட்டார். நூல் நின்னுது. இங்கிலாந்து அரசர் 4-ம் ஹென்றிக்கு வேட்டைத் தலைவரா இருந்த யார்க் கோமகன் எட்வர்டு 1406-க்கும் 1413-க்கும் நடுவுல அதை ஆங்கிலத்துல எழுதினார், தன் அனுபவத்தையும் கொஞ்சம் சேர்த்து. அவரும் 1415-ல் அஜின்கோர்ட் போர்ல இறந்துட்டார்.

அந்த நூல்ல நாய்களுக்கு வர்ற நோய்கள்னு ஒரு அத்தியாயம். அதுல காது நோயும் இருக்கு. நாய் பின்னங்காலால ரொம்பச் சொறியும், காதுல இருந்து சீழ் வரும், சில நேரம் செவிடாகவே போயிடும்னு அடையாளம் சொல்லிட்டு வைத்தியம் சொல்றாங்க. வெதுவெதுப்பான ஒயின்ல துணியை நனைச்சு ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை நல்லா சுத்தமாக் கழுவணும். கழுவின பிறகு கேமமைல்ங்கிற சீமைச்சாமந்தி கலந்த எண்ணெயை இளஞ்சூட்டுல மூணு சொட்டு விடணும். நாய் அதைச் சொறியாம பார்த்துக்கணும். குணமாகற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யணும். அவ்ளோதான்.

இதைப் படிச்சப்போ நான் கொஞ்ச நேரம் அசந்து போயிட்டேன். ஒவ்வொரு வரியா எடுத்துப் பாருங்க. ஒயின் அமிலத்தன்மை உள்ளது, பி.ஹெச். 3-க்கும் 4-க்கும் நடுவுல. காதுல வளர்ற பாக்டீரியாவுக்கு அமிலம் ஆகாது. ஒயின்ல இருக்கற ஆல்கஹால் காத்துல ஆவியாகும். வெதுவெதுப்பா இருக்கணும்ங்கிறதும் சரி, குளிர்ந்த திரவத்தைக் காதுல விட்டா தலை சுத்தும். குச்சி இல்லை, துணி. மருந்துக்கு முன்னாடி சுத்தம். ஒரு தடவை செஞ்சுட்டு விட்டுடாம குணமாகற வரைக்கும். மொத்தத்துல அந்தக் கொட்டில் பையன் தெரியாமலே ஒரு நல்ல நடைமுறையைப் பின்பற்றியிருக்கான். எண்ணெய் மட்டும்தான் யோசிக்க வேண்டிய விஷயம். எண்ணெய் மெழுகை இளக்கும், ஆனா ஈரத்தைப் போக்காது. (அவசரப்பட்டு யாரும் ஒயின் பாட்டிலோட நாய்கிட்ட போயிடாதீங்க. புண்ணான காதுல ஆல்கஹால் பட்டா உயிர் போகற மாதிரி எரியும்!)

ஈயமும் கத்தியும்

19-ம் நூற்றாண்டுக்கு வருவோம். இங்கிலாந்துல நாய் மருத்துவம் தனித் துறையாகுது. 1817-ல் டெலாபியர் பிளேன் நாய் நோய்கள் பத்திப் புத்தகம் எழுதறார். 1845-ல் வில்லியம் யூவாட்டோட புத்தகம் வருது. காது நோய்க்கு அந்தக் காலத்துல ஒரே பேரு "கேங்கர்". சீழ், புண், அரிப்பு, வீக்கம் எல்லாம் அதுக்குள்ள அடக்கம். எது எதனால வருதுன்னு பிரிச்சுப் பார்க்கற வசதி இல்லாததால எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மருந்து. ஈய உப்பைக் கரைச்ச கழுவுநீர் அந்தக் காலத்துல ரொம்பப் பிரபலம், மனுஷனுக்கும் சரி, நாய்க்கும் சரி. ஈயம் விஷம்ங்கிறதைப் பத்தி யாரும் பெருசா அலட்டிக்கலை.

இன்னொரு பக்கம் கத்தி. நரி வேட்டை நாய்களோட காது நுனி முள்ளுல கிழியுதுன்னு சொல்லி, குட்டியிலயே அந்த நுனியை வட்டமா வெட்டிடுவாங்க. அதுக்குன்னே தனியா ஒரு இரும்புக் கருவி இருந்தது. சண்டை நாய்க்கும் காவல் நாய்க்கும் காதை வெட்டி நிமிர்த்துவாங்க. எதிரி கடிச்சுப் பிடிக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்ச பழக்கம், சண்டை ஒழிஞ்ச பிறகு அழகுக்குன்னு தொடர்ந்தது. அழகுன்னு சொன்னா ஜனங்க முறைக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் "காத்தோட்டம் கிடைக்கும், காது நோய் வராது"ன்னு ஒரு சுகாதாரக் காரணம் வந்து ஒட்டிக்கிச்சு. இப்பவும் டாபர்மேன் குட்டிக்குக் காது வெட்டறவங்க இதைத்தான் சொல்றாங்க. வெட்டினா நோய் குறையுதுங்கிறதுக்கு ஆதாரம் இல்லைன்னு அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் தெளிவாவே சொல்லியிருக்கு. வெட்டறது மடலை. பிரச்சனை குழாய்க்குள்ள. மூடியை உடைச்சா எல்போ நேராயிடுமா?

ஒரு நல்ல விஷயமும் அந்த நூற்றாண்டுல நடந்தது. 1838-ல் ஜெர்மனியின் ஹெரிங், நாய்க்காதுல வாழற ஒரு நுண்ணிய பூச்சியை விவரிச்சார். இன்னிக்கு அதுக்கு ஒட்டோடெக்டிஸ் சைனோட்டிஸ்னு பேரு. "கேங்கர்"ங்கிற மொத்த மூட்டையில இருந்து முதல்முறையா ஒரு காரணம் தனியாப் பிரிஞ்சு வெளியே வந்தது.

காண்டாமிருகம் வந்தாச்சு

1925. அமெரிக்காவின் பிலடெல்பியா மிருகக்காட்சிசாலையில இருந்த ஒரு இந்தியக் காண்டாமிருகத்துக்குத் தோல் உரியற வியாதி. வைட்மன்ங்கிற மருத்துவர் அந்தத் தோல்ல இருந்து ஒரு ஈஸ்ட்டைப் பிரிச்செடுத்தார். தடித்தோல் விலங்குல கிடைச்சதால அதுக்கு "பாக்கிடெர்மாட்டிஸ்"னு பேர் வச்சார். 30 வருஷம் கழிச்சு, 1955-ல் ஸ்வீடன்ல குஸ்தாஃப்சன்ங்கிறவர் காது நோய் வந்த நாய்கள்ல ஒரு ஈஸ்ட்டைக் கண்டுபிடிச்சு, புது இனம்னு நினைச்சு "கானிஸ்"னு பேர் வச்சார். பிற்பாடு பார்த்தா ரெண்டும் ஒண்ணே! முதல்ல வச்ச பேருக்குத்தான் முன்னுரிமைங்கிற விதிப்படி காண்டாமிருகப் பேரே நிலைச்சுப் போச்சு. மலசீசியா பாக்கிடெர்மாட்டிஸ். நாய்க்காதுல அந்தப் புளிச்ச வாடைக்குக் காரணமான ஆசாமி இவர்தான்.

இதுல முக்கியமான விஷயம், இந்த ஈஸ்ட் ஆரோக்கியமான நாய்க்காதுலயும் இருக்கும். வெளியில இருந்து படையெடுத்து வர்றதில்லை. வீட்டுக்குள்ளயே சாதுவா குடியிருக்கு. சூழ்நிலை மாறினாத்தான் ரவுடியாகும்.

அந்தச் சூழ்நிலை என்னன்னு அளந்து பார்த்தவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த குரோனோ. 1970-ல் நாய்க்காதுக்குள்ள வெப்பம், ஈரப்பதம் எல்லாம் அளந்து கட்டுரைகள் வெளியிட்டார். நல்ல காதுலயே ஈரப்பதம் சுமார் 80 சதவீதம். நோய் வந்த காதுல கிட்டத்தட்ட 90-க்குப் போயிடுது. சாதாரண நாள்லயே நாய்க்காதுக்குள்ள ஐப்பசி மாசம்தான். அதுல குளிப்பாட்டின தண்ணி வேற நின்னா?

மனுஷங்க கதையும் இதே சமயத்துல இதே பக்கம்தான் போச்சு. வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்கள்ல வர்ற காது அழற்சிக்கு "சிங்கப்பூர் காது", "ஹாங்காங் காது"ன்னே பேர் உண்டு. வெப்பமண்டலப் பூஞ்சைதான் காரணம்னு ரொம்ப நாள் நம்பினாங்க. 1940-கள்ல ஆராய்ஞ்சு பார்த்தா பெரும்பாலும் சூடோமோனாஸ்ங்கிற பாக்டீரியா. அந்தக் கிருமியைப் போர்க்காயங்கள்ல அடக்க 1916-லயே அசிட்டிக் அமிலத்தைப் பயன்படுத்தியிருக்காங்க. அசிட்டிக் அமிலம்னா வேறொண்ணும் இல்லை, வினிகர்ல இருக்கற அமிலம்தான். பிற்பாடு ஆழ்கடல்ல நாள்கணக்கா தங்கி வேலை செய்யற அமெரிக்கக் கடற்படை முக்குளிப்பாளர்களுக்கு நோய் வராம தடுக்க அசிட்டிக் அமிலச் சொட்டுதான் வழக்கமாச்சு. அதுவும் ஒவ்வொரு காதுக்கும் 5 நிமிஷம், கடிகாரம் பார்த்து.

ஒயினும் புளிச்சா வினிகர். ஃபீபஸ் பிரபு சிரிச்சிருப்பார்.

நடுவுல மறந்தது

1949-ல் ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு, வாக்ஸ்மன் குழுவினர் நியோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடிச்சாங்க. இன்னொண்ணு, ஸெப்ங்கிற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் செங்குத்துக் குழாயோட வெளிச்சுவரை அறுத்துத் திறந்துவிடற ஒரு அறுவை சிகிச்சையை வெளியிட்டார். காத்து போகணும், கசிவு வடியணும்ங்கிறதுதான் அதோட நோக்கம். ஈரம்தான் பிரச்சனைன்னு கத்தி பிடிச்சவருக்குப் புரிஞ்சிருக்கு.

ஆனா ஜெயிச்சது சொட்டு மருந்து. ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கொல்லி, ஸ்டீராய்டு மூணையும் ஒரே பாட்டில்ல கலந்து கொடுத்தா எந்தக் காரணமா இருந்தாலும் ஒரு வாரத்துல அடங்கிடும். நாய் உதறறதை நிறுத்திடும். நாமளும் மறந்துடுவோம். ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்ப வரும். திரும்ப அதே பாட்டில். ஒவ்வொரு சுற்றுலயும் குழாய் கொஞ்சம் தடிக்கும், கிருமி கொஞ்சம் மருந்துக்குப் பழகிக்கும். நம்ம ஊர்ல ப்ரொடக்‌ஷன் செர்வர் தொங்கினா காரணம் பார்க்காம ரீஸ்டார்ட் பண்ணிட்டு டிக்கெட்டை மூடுவோமே, அதே கதை.

1988-ல் ஆகஸ்ட்ங்கிற அமெரிக்கப் பேராசிரியர் இதை மூணாப் பிரிச்சு அடுக்கிக் காட்டினார். முதல் காரணம்: ஒவ்வாமை, பூச்சி, உள்ளே போன புல் விதை மாதிரி நேரடியா நோயைத் தொடங்கறவை. ரெண்டாவது, வழி செஞ்சு கொடுக்கறவை: தொங்கற மடல், உள்ளே முடி, ஈரம். மூணாவது, நோயை நீட்டிக்கறவை: பாக்டீரியா, ஈஸ்ட், தடிச்சுப்போன தோல். கவனிச்சீங்களா? பல வருஷமா நாம எதிரின்னு நினைச்சு அடிச்ச கிருமிகள் பெரும்பாலும் மூணாவது பட்டியல்லதான் இருக்கு. தொங்கற காது மட்டுமே நோயைக் கொண்டு வராது, ஆனா கதவைத் திறந்து வைக்கும். அந்த ரெண்டாவது பட்டியல்ல நம்ம கையில இருக்கற ஒரே விஷயம் ஈரம்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லைன்னு எனக்குக் காட்டினது மணி. ஆன்சைட் கிடைச்சுக் கிளம்பின ஒரு நண்பன் "ரெண்டு மாசம் வச்சிருடா"ன்னு விட்டுட்டுப் போன கறுப்பு காக்கர் ஸ்பானியல். ரெண்டு மாசம் ரெண்டு வருஷமாச்சு, மணி இப்ப எங்க வீட்டு ஆள். வந்தப்ப ரெண்டு காதுலயும் நாத்தம். கூட வந்த பையில மூணு சொட்டு மருந்து பாட்டில், மூணுமே பாதி காலி. காதுப் பக்கம் கை போனாலே உறுமுவான். கடிக்கிற நாய்னு அந்த வீட்டுல பேர் வாங்கியிருக்கான். உண்மையில அது வலி.

டாக்டரம்மா மயக்கம் கொடுத்து உள்ளே பார்த்துட்டு, "தம்பி, வலது காது தேறிடும். இடது குழாய் பாதிக்கு மேல அடைஞ்சிருக்கு. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா மொத்தக் குழாயையும் எடுக்க வேண்டி வந்திருக்கும்"னாங்க. அப்படி ஒரு அறுவை சிகிச்சை நிஜமாவே இருக்கு. குழாயை முழுசா எடுத்துட்டுத் தைச்சுடுவாங்க. கடைசி வழி அது. செஞ்சா அந்தக் காதுல கேள்வித்திறன் பெரும்பாலும் போயிடும், ஆனா வலி போயிடும். மணிக்கு அது வேண்டியிருக்கலை. உணவு ஒவ்வாமைன்னு கண்டுபிடிச்சு சாப்பாட்டை மாத்தினோம். மருந்து ஆறு வாரம். அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் சுத்தம் பண்றதும் உலர்த்துறதும் மட்டும்தான். இடது பக்கம் இருந்து கூப்பிட்டா இப்பவும் கொஞ்சம் தாமதமாத்தான் திரும்புவான்.

அப்ப என்னதான் செய்யணும்?

600 வருஷ அனுபவத்தோட சாரம், டாக்டரம்மா காட்டிக் கொடுத்த முறையில:

1. கால்நடை மருத்துவர் சொல்ற காது கழுவும் திரவத்தை மட்டும் பயன்படுத்துங்க. பெரும்பாலும் அதுல சாலிசிலிக், லாக்டிக், போரிக், அசிட்டிக்னு ஏதோ ஒரு மெல்லிய அமிலம் இருக்கும். அழுக்கை இளக்கி, ஈரத்தையும் போக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், வீட்டு வினிகர் எதுவும் வேண்டாம்.

2. மடலை மேலே தூக்கிப் பிடிச்சு, குழாய் நிறையற அளவு விடுங்க. காதோட அடிப்பாகத்தை வெளியில இருந்தே அரை நிமிஷம் பிசைஞ்சு விடுங்க, சளக் சளக்னு சத்தம் வரும்.

3. கையை எடுத்துட்டு விலகி நில்லுங்க. நாய் உதறும். எல்போவுல இருக்கற அழுக்கு அந்த உதறல்லதான் மேலே வரும். (சுவர் ஓரமா வச்சுப் பண்ணாதீங்க, சுண்ணாம்பு அடிக்கற செலவு தனி.)

4. விரல்ல பஞ்சைச் சுத்தி, கண்ணுக்குத் தெரியற இடத்தை மட்டும் துடைங்க. பட்ஸ் கூடவே கூடாது. அது அழுக்கை எல்போவுக்குள்ள இடிச்சுத் தள்ளும்.

5. குளிப்பாட்டினாலோ, கிணறு, கடல்னு நீச்சல் அடிச்சு வந்தாலோ அன்னிக்கே உலர்த்துங்க. மழைக்காலத்துல மடலைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்தும் பாருங்க. மூக்குதான் இதுல நல்ல கருவி.

6. காது நல்லா இருந்தா சும்மா சும்மா கழுவாதீங்க. அந்தக் கார்பேஜ் கலெக்டரை அதன் வேலையைப் பார்க்க விடுங்க. உள்முடியைப் பிடுங்கறதும் அப்படித்தான். பூடில் மாதிரி நாய்க்கு வழக்கமாப் பிடுங்கற பழக்கம் இருக்கு, தேவையில்லாம பிடுங்கினா அந்த எரிச்சலே நோயைத் தொடங்கும்.

7. வலி, சீழ், நாத்தம், தலை ஒரு பக்கமாச் சாயறது, தள்ளாட்டம் இருந்தா எதையும் ஊத்தாம நேரா மருத்துவர்கிட்ட போயிடுங்க. செவிப்பறை கிழிஞ்சிருந்தா நல்ல மருந்தே உள்காதைக் கெடுத்துடும். நியோமைசின் வகையறா அதுக்குப் பேர்போனது.

யோசிச்சுப் பார்த்தா ஒரு விஷயம் உறுத்துது. மலசீசியா தெரியாது, பி.ஹெச். தெரியாது, ஈரப்பதம் அளக்கற கருவி கிடையாது. ஆனா ஃபீபஸோட கொட்டில் பையனுக்கு ஒவ்வொரு நாயோட பேரும் தெரியும். ராத்திரி எந்த நாய் சொறியுதுன்னு பக்கத்துலயே படுத்திருந்ததால தெரியும். ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை துணியை எடுத்துட்டுப் போற பொறுமை இருந்தது. நம்மகிட்ட எல்லா மருந்தும் இருக்கு. மடலைத் தூக்கிப் பார்க்கற அந்த ரெண்டு நிமிஷம்தான் பாக்கி.

மூக்கு வரைக்கும் மடல் தொங்கணும்னு நாமதான் விதி எழுதினோம். அந்த மடலுக்கு அடியில என்ன நடக்குதுன்னு பார்க்கற வேலையும் நம்மளோடதுதான். உங்க வீட்டுல தொங்கற காது ஒண்ணு இருந்தா இந்தப் பக்கத்தை மூடிட்டு முதல்ல அதைப் போய்த் தூக்கிப் பாருங்க. என்ன வாடை வந்ததுன்னு பின்னூட்டத்துல அப்புறமா சொல்லலாம் :-)

(கொசுறு: சின்ன வயசுல குளத்துல முங்கிட்டு வந்தா ஒத்தைக்கால்ல குதிச்சுக் குதிச்சுக் காதுத் தண்ணியை எடுப்போமே, ஞாபகம் இருக்கா? நாய்க்கு அந்த வித்தை தெரியாது. நாமதான் குதிக்கணும்!)